வழக்கு முடிவது வேறு, காயம் ஆறுவது வேறு: பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு என்ன நடக்கிறது, யாரிடம் போவது?

2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது ஊரே தெருவில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகச் சம்பவம், 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கின் தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை: "அப்பவே ஏன் சொல்லல?", "கத்தியிருக்கலாமே?", "அதான் தண்டனை குடுத்தாச்சே, இனிமே என்ன?"

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். புகார், கைது, தீர்ப்பு என்று ஓடும் வழக்கையும், பாதிக்கப்பட்டவரின் உடம்பும் மனசும் தேறி வருவதையும் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். வழக்குப் போட்டால்தான் உதவி கிடைக்கும் என்று நினைக்கிறோம், தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கிறோம். இரண்டுமே சரியில்லை.

## முதலில் சில சொற்கள்

பழைய செய்தித்தாள்களில் 'கற்பழிப்பு' என்றுதான் போடுவார்கள். குற்றம் செய்தவன் ஒருத்தன், 'அழிந்தது' மட்டும் இவளுடையது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இப்போது பெரும்பாலும் 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' என்று எழுதுகிறார்கள். வெறும் நாகரிகத்துக்காக வந்த மாற்றம் என்று நினைக்க வேண்டாம். எதையோ இழந்துவிட்டோம் என்று நம்பவைக்கப்பட்ட ஒருவருக்கு, "இது என் மேல் நடந்த தாக்குதல்" என்று யோசிக்கவே சில மாதங்கள் ஆகிவிடுகின்றன.

போக்சோ: 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண் குழந்தை, பெண் குழந்தை எல்லாருக்கும் பொருந்தும்.

ஜீரோ எஃப்.ஐ.ஆர்.: சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதிவு செய்யக்கூடிய முதல் தகவல் அறிக்கை.

ஒருங்கிணைந்த சேவை மையம்: 'சகி' என்றும் சொல்வார்கள். 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். மருத்துவம், காவல்துறை, சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி செய்வது இதன் வேலை. 181-க்கு அழைத்தால் இணைத்துவிடுவார்கள்.

பி.டி.எஸ்.டி.: பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும் மனநலப் பாதிப்பு. முதல் சில வாரங்களில் தூக்கம் போவது, பதறுவது, அழுவது எல்லாருக்கும் வரக்கூடியதுதான். பலருக்கு அது தானாகவே குறையும். குறையாமல் நிற்கும்போதுதான் இந்தப் பெயர்.

## உடம்பு என்ன செய்கிறது

"கத்தியிருக்கலாமே" என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். ஆபத்து வந்தால் ஓடுவோம், இல்லை எதிர்த்து அடிப்போம் என்று நாம் படித்திருக்கிறோம். மூன்றாவது ஒன்றும் உண்டு: உறைந்துபோவது. கை கால் நகராது, தொண்டையில் குரல் நிற்கும், சிலருக்குத் தன்னையே தூரத்தில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். யோசித்து எடுக்கும் முடிவு இல்லை அது, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி நடப்பது. எதிராளி தெரிந்தவனாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவர்தான். மாமா, டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டு அண்ணன். அப்படிப்பட்ட ஆளைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்று மூளைக்குத் தோன்றவே நேரமாகும்.

நினைவும் அப்படித்தான். பயத்தின் உச்சத்தில் மூளை நிகழ்ச்சியை வரிசையாக எழுதி வைப்பதில்லை. மின்விசிறி கடகடத்த சத்தம், சுவரில் தொங்கிய காலண்டர், எதிராளி தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் வாசனை எல்லாம் துல்லியமாக நிற்கும். அது செவ்வாயா புதனா, மணி நாலா ஆறா என்பது நிற்காது. விசாரணையில் இதைத்தான் "முன்னுக்குப் பின் முரண்" என்கிறார்கள்.

ஒரு உதாரணம். முப்பது வயதுப் பெண், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர் என்று வையுங்கள். சம்பவம் நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது, கல்யாணமும் ஆகிவிட்டது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நிற்கும் ஆளிடம் அதே எண்ணெய் வாசனை. அவ்வளவுதான், கை சில்லிட்டு, காது அடைத்து, தவளக்குப்பத்திலேயே இறங்கிவிடுகிறார். ஏன் இறங்கினோம் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் கேட்டால் "வெயில், தலை சுத்துச்சு" என்பார். உடம்பைப் பொறுத்தவரை அந்தச் சம்பவம் இன்னும் பழசாகவில்லை.

குழந்தைகளிடம் இது வயிற்றுவலியாக வரும், படுக்கையில் சிறுநீர் கழிப்பதாக வரும், குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன் என்ற அடமாக வரும். வளரும் பெண்கள் திடீரென மயங்கி விழுந்தால் நம் பக்கம் முதலில் தேடுவது மந்திரிக்கிறவரைத்தான். தாயத்துக் கட்டுவது உங்கள் இஷ்டம், ஆனால் முதலில் ஆஸ்பத்திரியில் வலிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் தனியாக ஒரு மனநல மருத்துவரோடு அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள். அம்மாவும் சித்தியும் சுற்றி உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

## முதல் ஐந்து நாள்

இந்தப் பகுதியில் மட்டும் நேரத்துக்குக் கணக்கு உண்டு.

1. சிகிச்சை இலவசம், உடனடி. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாதிக்கப்பட்டவருக்குக் காசு வாங்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 397-ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். "முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

2. 72 மணி நேரம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை இதற்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும், ஐந்து நாள் வரை கொடுக்கலாம், பலன் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

3. தடயம். முடிந்தால் குளிக்காமல், துணி மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் துணியைத் துவைக்காமல் பழைய செய்தித்தாளிலோ காகித உறையிலோ சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டேன், நாலு நாள் ஆகிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். தடயம் கிடைக்காமல் போனாலும் மருந்துக்காகப் போக வேண்டும்.

4. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கிடையாது. அது உரிமை மீறல் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில், இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்றும் சொன்னது. யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம். வேறு எந்தப் பரிசோதனைக்கும் உங்கள் சம்மதம் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கர்ப்பம் தரித்துவிட்டால், வல்லுறவுக்கு உள்ளானவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. 2021-இல் வந்த திருத்தம் இது. தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல் கூடும்.

## முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

நம்ம ஊருக்கே உரிய தலைவலி இது. கடலூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை, அங்கிருந்து கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரி எல்லை. பாகூர் பக்கம் போனால் எந்த ஊர் எந்த மாநிலம் என்று உள்ளூர்க்காரர்களே இரண்டு தடவை யோசிப்பார்கள். வீடு கடலூர் மாவட்டம், வேலை புதுச்சேரி கம்பெனியில், சம்பவம் நடந்தது நடுவில் எங்கோ. இரண்டு பக்கமும் தனித்தனிக் காவல்துறை, தனித்தனிச் சட்டப்பணிகள் ஆணையம். உயர் நீதிமன்றம் மட்டும் இரண்டுக்கும் சென்னைதான்.

"இது எங்க லிமிட் இல்லம்மா" என்ற வார்த்தைக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. போன இடத்தில் பதிவு செய்துகொண்டு, சரியான நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை உண்டு. இதை நிலையத்தில் நின்று சண்டை பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் சண்டை போடத் தெம்பிருக்காது. கூடப் போகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். பொள்ளாச்சியில் பாதிக்கப்பட்டவரின் பெயர் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியானது, அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. இரண்டு முறையும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம், பத்திரிகைக்கு மட்டும் இல்லை, 'நீதி வேண்டும்' என்று போட்டோ போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறவருக்கும் சேர்த்துத்தான். இறந்துபோனவரானாலும் பெயர் போடக்கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

## புகார் வேண்டாம் என்றால்?

இங்கே வயதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

18 வயது ஆனவர் என்றால் முடிவு அவருடையது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும், ஆனால் "எனக்கு இப்போது வழக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்த முடியாது. மனநல ஆலோசனைக்கு எஃப்.ஐ.ஆர். எண் யாரும் கேட்பதில்லை. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, கடலூர் பக்கம் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள், எங்கும் போக முடியாதென்றால் போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். 'பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒன்னு நடந்தது' என்று மட்டும் சொல்லி ஆரம்பித்தாலும் போதும்.

18 வயதுக்குக் கீழே என்றால் தெரிந்த யாரும் மறைக்க முடியாது. போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, பள்ளி மாதிரி நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. டாக்டர், ஆலோசகர், டீச்சர், பாட்டி எல்லாருக்கும் இது பொருந்தும். அதனால் ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஒன்னு சொல்றேன்" என்று வந்தால், சரி என்று தலையாட்டிவிட்டு அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடாதீர்கள். பெரியவர்கள் மேல் ஏற்கெனவே உடைந்த நம்பிக்கை இரண்டாம் முறையும் உடையும். "உன்னைப் பாத்துக்கறதுக்கு எனக்கு இன்னும் ஒருத்தர் உதவி வேணும், யார்கிட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் நடந்ததை வளர்ந்த பிறகு சொன்னாலும் போக்சோவில் புகார் கொடுக்கலாம், இத்தனை வருஷத்துக்குள் என்ற வரம்பு இல்லை. 2018-இல் மத்திய அரசே இதைத் தெளிவுபடுத்தியது. சட்டம் வந்தது 2012 நவம்பரில் என்பதால், அதற்கும் முன்னால் நடந்தவை அப்போதிருந்த சட்டத்தின் கீழ்தான் வரும்.

வளர்ந்த ஆண்களின் நிலைமை மோசம். ஆண் மேல் நடக்கும் வல்லுறவுக்கும் வழக்குப் போட உதவிய பழைய 377-ஆம் பிரிவுக்குப் பதிலாகப் புதிய தண்டனைச் சட்டத்தில் எதுவும் வைக்கப்படவில்லை, வல்லுறவுப் பிரிவோ பெண்களுக்கானது. வழக்கின் பாதை பாதி அடைபட்டுக் கிடந்தாலும் சிகிச்சையின் பாதை அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது, ஆனால் "ஆம்பளைக்கு எப்படிடா?" என்ற சிரிப்புக்குப் பயந்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

## சிகிச்சை என்றால் உட்கார்ந்து கதை சொல்வதா?

பலர் பயப்படுவது இதற்குத்தான். போன உடனே எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொல்வார்களோ? நல்ல ஆலோசகர் அப்படிச் செய்யமாட்டார். சம்பவம் நடந்த சூட்டில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் ஒருமுறைப் பேச்சை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. வேலை ஏறத்தாழ மூன்று கட்டமாகப் போகும்:

1. பத்திரம். ஆபத்து இன்னும் வீட்டுக்குள் இருக்கிறதா? தூங்க முடிகிறதா? பதற்றம் ஏறும்போது இறக்கிக்கொள்ளத் தெரிகிறதா? அந்தப் பஸ் பெண்ணுக்குச் சொல்லித் தருவது இதுதான்: கம்பியை இறுக்கிப் பிடி, அதன் குளிர்ச்சியைக் கவனி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை மனசுக்குள் சொல், இன்றைய தேதி என்ன, இப்போது எந்த ஸ்டாப். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் "இது அந்த நாள் இல்லை, இன்று" என்று உடம்புக்குத் தெரியப்படுத்த வேறு குறுக்குவழி இல்லை.

2. நினைவோடு வேலை. தயாரான பிறகு, அவர் சொல்லும் வேகத்தில். பேச்சுவழிச் சிகிச்சையில் 'என் தப்பு' என்ற எண்ணத்தை எடுத்து வைத்து அலசுவார்கள். கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு, அதில் விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை குறைவு. மருந்து சிலருக்குத் தேவைப்படும், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளே பெரும்பாலும். மெடிக்கலில் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுவது இதில் சேராது.

3. திரும்பச் சேர்வது. வேலை, படிப்பு, நட்பு, தாம்பத்தியம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகக் கூட்டத்துக்குள் பத்து நிமிஷம் நிற்பது.

எண் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்று முடிந்து இரண்டு என்று வரிசையாக நடக்காது. மூன்றில் இருப்பவர் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு வருவார். சிகிச்சை வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் ஆலோசகர் சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்வதும் குற்றமில்லை.

## வீட்டில் என்ன சொல்வது

யாரிடம் முதலில் சொன்னாரோ அவருடைய முகம் அப்போது எப்படி இருந்தது என்பது கடைசி வரை நினைவில் நிற்கும். அண்ணன்காரன் அரிவாளைத் தேடினால், பிள்ளை அந்த நிமிஷமே "சும்மா சொன்னேன்" என்று பின்வாங்கிவிடும். "உன்னை நம்பறேன். உன் மேல தப்பில்ல. இப்போ உனக்கு என்ன வேணும்?" இவ்வளவு போதும். அத்தை, பெரியம்மா, தாத்தா என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி சொல்லவைக்காதீர்கள். "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்பது ஆறுதலாகத்தான் சொல்லப்படுகிறது, கேட்பவருக்கோ "இனி இதைப் பேசாதே" என்றுதான் விழும்.

சமரசம் பேசுவது, அவனுக்கே கட்டிவைப்பது என்ற பேச்சு ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் வருவதில்லை. கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒரு வழக்கில், 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தண்டனை பெற்றவனை ஜாமீனில் விட்டு, சமரச மையத்துக்குப் போகச் சொன்னார். அந்தப் பெண் மறுத்தார். சில நாளில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வல்லுறவு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொல்ல, ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றமே சொல்லியும் முடியாது என்று நின்றவர் நம்ம மாவட்டத்துப் பெண் ஒருவர்.

## சம்மன் வரும் நாள்

வழக்கு எவ்வளவு நாள் ஓடும்? போக்சோ சட்டம் கூடுமானவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஐந்தே மாதத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பொள்ளாச்சிக்கு ஆறு வருடம். திட்டக்குடியில் 2014-இல் வெளிவந்த சிறுமிகள் வழக்கில் கடலூர் மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 ஜனவரியில். அதுவரைக்கும் மனசைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. பணமும் அப்படித்தான், இடைக்கால இழப்பீட்டைத் தீர்ப்புக்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

இரண்டு பாதையும் முட்டிக்கொள்ளும் இடம் சாட்சி சொல்லும் நாள். தேறி வந்து, வேலைக்குப் போய், ஓரளவு தூங்கவும் ஆரம்பித்திருக்கும்போது ஒரு காவலர் வந்து சம்மனை நீட்டுவார். பழையபடி கை நடுங்கும். அதற்கு முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியவை உண்டு. அரசு வழக்கறிஞரை ஒருநாள் முன்னதாகப் பார்த்து, என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஆளில்லாத நேரத்தில் அந்த நீதிமன்ற அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். குழந்தை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி சாட்சி சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நம்பிக்கையானவர் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், நடுவில் இடைவேளை கேட்கலாம். ஆலோசகரிடம் இரண்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்: சாட்சிக்கு முந்தின வாரம் ஒன்று, சாட்சி சொன்ன மறுநாள் ஒன்று. முந்தின வாரம் எல்லாரும் கூட இருப்பார்கள். மறுநாள் காலையில் கூட வந்தவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள், அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது நாள் வேண்டியிருக்கும்.